மால்டாவின் ஹைப்போஜியம்: பாறைக்குள் குடைந்த கற்காலக் கோயிலுக்குப் போய்வர ஒரு முழு வழிகாட்டி

இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே, நடுக்கடலில் கிடக்கிறது மால்டா. நாடு முழுவதும் சேர்த்தே 316 சதுர கிலோமீட்டர்தான். அங்கே பாவ்லா என்று ஓர் ஊர். வீடுகள் நெருக்கமாக நிற்கும் சாதாரணத் தெரு, பெயர் இடுகாட்டுத் தெரு. அந்தத் தெருவுக்கு அடியில் இருக்கிறது ஹால் சஃப்லியேனி ஹைப்போஜியம். இரும்பும் தெரியாத, செம்பும் தெரியாத மக்கள், மான்கொம்பையும் சிக்கிமுக்கிக் கல்லையும் வைத்துக்கொண்டு சுண்ணாம்புப் பாறையை மூன்று அடுக்குக்குக் குடைந்து இறங்கியிருக்கிறார்கள். ஆழம் 10 மீட்டருக்கு மேல். கோயிலும் அதுதான், இறந்தவர்களை வைக்கும் இடமும் அதுதான். கி.மு. 4000 வாக்கில் தொடங்கிய வேலை, கி.மு. 2500 வரை புழக்கத்தில் இருந்திருக்கிறது. ஹைப்போஜியம் என்ற கிரேக்கச் சொல்லுக்கு நிலத்துக்கு அடியில் இருப்பது என்று பொருள். 1980-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

முதல் தடவை போனபோது நான் இதன் வாசலைத்தான் பார்த்தேன். டிக்கெட்டை நேரில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துப் போய், கதவுக்கு வெளியிலிருந்தே திரும்பினேன். அடுத்த பயணத்தில் மூன்று மாதம் முன்பே பதிவு செய்து, மூன்று நாளை இதற்கென்றே ஒதுக்கிப் போனேன். அந்த இரண்டாவது பயணத்தில் புரிந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஹைப்போஜியத்தை எந்த வரிசையில் பார்க்கிறோம் என்பது ரொம்ப முக்கியம். தரைக்கு மேலே அந்த மக்கள் கட்டியதை முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் தரைக்குக் கீழே குடைந்ததைப் பார்க்க வேண்டும். மாற்றிச் செய்தால், இருட்டில் சில குழிகளைப் பார்த்தோம் என்ற அளவில்தான் திரும்புவோம்.

முதலில் டிக்கெட், பிறகு விமானம்

ஒரு மணி நேரத்துக்குப் பத்துப் பேர். ஒரு நாளைக்கு எட்டு முறை. ஆக, நாள் ஒன்றுக்கு உலகம் முழுவதிலுமிருந்து 80 பேருக்குத்தான் இடம்.

எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று தோன்றும். நம் மூச்சுதான் காரணம். உள்ளே சுவர்களிலும் கூரையிலும் செங்காவியில் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. மனிதர்கள் நுழைந்தால் வெப்பம் ஏறுகிறது, ஈரப்பதம் மாறுகிறது, கரியமில வாயு கூடுகிறது. விளக்கு எரிந்தால் பாறையில் பாசி பிடிக்கிறது. 1908-இல் பார்வையாளர்களை விட ஆரம்பித்து, பல பத்தாண்டுகள் கட்டுப்பாடே இல்லாமல் விட்டதில் ஓவியங்கள் மங்கின. 1990-களின் தொடக்கத்தில் மூடியவர்கள் 2000-இல்தான் மறுபடி திறந்தார்கள். பிறகு காற்றுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் புதுப்பிக்க இன்னொரு முறை மூடி, 2017 மே மாதம் திறந்தார்கள். ஐயாயிரம் ஆண்டு தாங்கிய காவி நூறு ஆண்டு மனித மூச்சில் மங்கியிருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், 80 என்ற எண் குறைவாகத் தெரியாது.

ஹெரிடேஜ் மால்டா என்ற அரசு அமைப்புதான் இதை நடத்துகிறது. அவர்களுடைய இணையதளத்தில் தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டுப் பதிவு செய்ய வேண்டும். கோடைக்காலம் என்றால் இரண்டு மூன்று மாதம் முன்பே பார்த்துவிடுங்கள். ஹைப்போஜியம் டிக்கெட் உறுதியான பிறகு அந்தத் தேதியைச் சுற்றி விமானமும் அறையும் போட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இன்னொன்று: பல இடங்களுக்கும் சேர்த்து ஹெரிடேஜ் மால்டா ஒரு கூட்டு டிக்கெட் விற்கிறது. அதில் ஹைப்போஜியம் சேராது. கூட்டு டிக்கெட் கையில் இருக்கிறதே என்று நம்பி வாசலுக்குப் போய் ஏமாறுகிறவர்கள் உண்டு.

ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள். கைக்குழந்தையோடு போகும் குடும்பம் என்றால் கணவனும் மனைவியும் வேறு வேறு நேரத்துக்குப் பதிவு செய்து, மாறி மாறிப் பார்க்கலாம்.

விசாவைப் பொறுத்தவரை மால்டா ஷெங்கன் நாடு, நாணயம் யூரோ. இத்தாலிப் பயணத்தோடு சேர்த்துக்கொள்ள நினைத்தால், சிசிலியின் பொத்ஸால்லோ துறைமுகத்திலிருந்து தலைநகர் வலெட்டாவுக்கு வேகக் கப்பல் இருக்கிறது; இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மால்டாவில் ஆங்கிலமும் ஆட்சிமொழி. வண்டியும் நம்மூர் போல இடப்பக்கம்தான் ஓடுகிறது.

முதல் நாள்: வலெட்டா அருங்காட்சியகம்

ரிபப்ளிக் தெருவில் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. ஹைப்போஜியத்துக்குள் கிடைத்த பொருட்கள் அங்கே இல்லை, இங்கேதான் இருக்கின்றன. அதனால் முதல் நாள் இங்கே.

மற்ற அறைகளை வேகமாகப் பார்த்தாலும் பரவாயில்லை. ஒரே ஒரு சிலைக்கு முன்னால் மட்டும் அரை மணி நேரம் நில்லுங்கள். உறங்கும் பெண் என்று அதற்குப் பெயர். சுட்ட களிமண். புகைப்படங்களில் பார்த்து ஆளுயரத்துக்கு எதிர்பார்த்துப் போவோம். நேரில் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கிவிடும். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். ஒரு கை தலைக்கு அடியில், இன்னொரு கை மார்பின் குறுக்கே. இடுப்பும் தொடையும் மலை போல எழுந்து, கணுக்கால் வரை பாவாடை இறங்குகிறது. அவள் கனத்தில் கட்டில் நடுவில் லேசாகத் தொய்ந்திருக்கிறது பாருங்கள், அந்தத் தொய்வைச் செய்திருக்கிற கைதான் என்னை அங்கே நிறுத்தியது. கயிற்றுக் கட்டிலில் பெரியவர்கள் மதியம் கண்ணயர்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தத் தொய்வை யாரும் விளக்க வேண்டியதில்லை. களிமண்ணில் அங்கங்கே சிவப்பு ஒட்டியிருக்கும். அது காவி.

தூங்குகிறாளா, இறந்து கிடக்கிறாளா, கனவில் குறி கேட்கிறாளா என்று அறிஞர்கள் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். எழுத்து இல்லாத மக்கள் என்பதால் அவர்கள் வாயிலிருந்து பதில் வராது. இவள் கிடைத்தது ஹைப்போஜியத்தின் நடு அடுக்கில் ஒரு குழியில் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

இரண்டாம் நாள்: வெயிலில் நிற்கும் கோயில்கள்

தீவின் தெற்குக் கரையில், கடலைப் பார்த்த மேட்டில், இரண்டு கற்கோயில்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று ஹஜர் இம், மற்றொன்று மினைத்ரா. ஹஜர் என்றால் கல். ஹஜருல் அஸ்வத் என்கிறோமே, அதே ஹஜர்தான். மால்டா மொழி அரபியின் வழிவந்தது. வலெட்டாவிலிருந்து பேருந்து போகிறது. இரண்டுக்கும் மேலே பெரிய கூடாரம் போட்டுக் காக்கிறார்கள் என்றாலும் இடையில் நடக்கும் பாதையில் நிழல் கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் இறங்க வேண்டாம்.

இங்கே மூன்று விஷயங்களைக் கண்ணில் பதித்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு அவைதான் கைகொடுக்கும்.

ஒன்று, முக்கல் வாசல். இரண்டு கல்லைச் செங்குத்தாக நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தினால் வாசல். எல்லாக் கோயில்களிலும் இதுதான் அடிப்படை. இரண்டு, துளை வாசல். ஒரே பலகைக் கல்லின் நடுவில் சதுரமாக வெட்டி, அதன் வழியாகக் குனிந்து நுழையும்படி செய்திருப்பார்கள். மூன்று, கூரை. இன்று எந்தக் கோயிலிலும் கூரை இல்லை. ஆனால் சுவரின் மேல்வரிசைக் கற்கள் ஒவ்வொன்றும் கீழ்வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி அமர்ந்திருப்பதைப் பார்க்கலாம். அப்படியே வரிசை வரிசையாக உள்ளே தள்ளிக்கொண்டே போனால் மேலே குவிந்து மூடிக்கொள்ளும். மூடினார்களா என்பதற்கான சாட்சியை நாளைக்கு நிலத்தடியில் பார்க்கப் போகிறோம்.

மினைத்ராவின் தெற்குக் கோயில் சூரியனைப் பார்த்துக் கட்டியது. பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் நாட்களில் உதிக்கிற வெளிச்சம் நேராக வாசல் வழியே நுழைந்து உள்ளே நடு அச்சில் விழும். அந்த நாட்களில் அதிகாலையில் சிறு கூட்டத்தை அனுமதிக்கிறார்கள். அதற்கும் தனியாக முன்பதிவு வேண்டும்.

மூன்றாம் நாள் காலை: தார்ஷின்

பாவ்லாவுக்குப் பக்கத்து ஊர். பலகையில் எழுதியிருக்கும் எக்ஸ் எழுத்தை ஷ என்று படிக்க வேண்டும், அது தெரியாமல் வழி கேட்டால் யாருக்கும் புரியாது. ஹைப்போஜியத்திலிருந்து நடந்தே பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும் தூரம். பதிவு செய்த நேரம் மதியம் என்றால் காலையில் தார்ஷின் கோயில்களைப் பார்த்துவிட்டு நடந்து போகலாம். நானும் அப்படித்தான் செய்தேன்.

உழுகிறபோது கலப்பை பெரிய கற்களில் இடிக்கிறது என்று விவசாயிகள் சொல்ல, தெமிஸ்தொக்லெஸ் ஸம்மித் என்ற மால்டாத் தொல்லியலாளர் 1915-இலிருந்து 1919 வரை தோண்டி வெளியே எடுத்த இடம் இது. வாசலுக்கு அருகே பாவாடை கட்டிய பெரிய உருவத்தின் கீழ்ப்பாதி மட்டும் நிற்கும். அசல் வலெட்டாவில், இங்கே இருப்பது நகல். பக்கத்தில் சுருள் வேலைப்பாடு செய்த பலிக்கல் ஒன்று. அதன் நடுவில் சிறு மாடம், மாடத்தை அடைக்க ஒரு கல். அந்தக் கல்லை எடுத்தபோது உள்ளே சிக்கிமுக்கிக் கத்தியும் ஆட்டுக் கொம்பும் வைத்தது வைத்தபடி இருந்தனவாம். வெளியே கிடக்கும் உருண்டைக் கற்களையும் தவறவிடாதீர்கள். பெரிய பாறைகளை நகர்த்த அடியில் உருட்டிவிட்டவை அவை என்று கருதுகிறார்கள்.

அந்தச் சுருள் வடிவத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு மணி நேரத்தில் அதையே கூரையில் காவி நிறத்தில் பார்ப்பீர்கள்.

வாசலில்

ஹைப்போஜியத்துக்குப் பெரிய முகப்பெல்லாம் இல்லை. வீடுகளோடு வீடாக ஒரு கட்டடம், தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வலெட்டாவிலிருந்து வருகிறவர்கள் டிரைட்டன் நீரூற்றுக்கு அருகே இருக்கும் பேருந்து நிலையத்தில் ஏறி, பாவ்லா சதுக்கத்தில் இறங்கி நடக்கலாம். குறித்த நேரத்துக்குக் கால் மணி முன்பே போய்விடுங்கள். குழு உள்ளே போன பிறகு வந்தால் சேர்க்க வழியில்லை.

பை, கேமரா எல்லாவற்றையும் பெட்டகத்தில் பூட்டிவிட வேண்டும். உள்ளே புகைப்படம் எடுக்கவே கூடாது. முதலில் இது ஏக்கமாக இருக்கும். ஆனால் கையில் போன் இல்லாததால்தான் அந்த நேரம் முழுவதும் கண்ணால் பார்த்தேன் என்பது என் அனுபவம்.

தட்டையான, வழுக்காத காலணி அவசியம். படிகளும் நடைபாதையும் குறுகல், அதனால் சேலை, நீளத் துப்பட்டா வேண்டாம். மூடிய இடத்தில் மூச்சு முட்டுகிறவர்களும் முட்டிவலி உள்ளவர்களும் யோசித்து முடிவெடுங்கள்.

உள்ளே: கண் எங்கே போக வேண்டும்

முதலில் சிறு கண்காட்சி, அப்புறம் ஒரு குறும்படம். பிறகு ஒலிவழிகாட்டிக் கருவியைக் காதில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். நாம் நிற்கிற இடத்துக்கு மட்டும் விளக்கு எரியும், நகர்ந்ததும் அணைந்துவிடும். அதனால் வெளிச்சம் வந்ததும் எதைப் பார்ப்பது என்று முன்பே தெரிந்திருந்தால் நல்லது.

மேலடுக்கு பழையது. இயற்கையாக இருந்த குகையை விரித்து, இருபக்கமும் அறைகளாகத் தோண்டியிருக்கிறார்கள். 1902-இல் மேலே வீடு கட்டியவர்கள் தண்ணீர்த் தொட்டிக்காகப் பாறையை வெட்டும்போதுதான் கூரை உடைந்து இது வெளியே தெரிந்தது. தெரிந்தும் கொஞ்ச காலம் சொல்லாமல் மறைத்தார்களாம். அந்தச் சேதத்தின் தடயம் இன்னும் இருக்கிறது.

நடு அடுக்குக்கு வந்ததும் நிதானமாகிவிடுங்கள். இங்கேதான் நேற்றுப் பார்த்தவை எல்லாம் திரும்ப வருகின்றன. முக்கல் வாசல் இருக்கிறது, துளை வாசல் இருக்கிறது. ஆனால் எதுவும் நட்டதோ அடுக்கியதோ இல்லை, எல்லாம் ஒரே பாறையில் செதுக்கியது. ஒரு நிமிடம் யோசியுங்கள். பாறையைக் குடைந்து போகிறவனுக்குத் தூண் எதற்கு, உத்தரம் எதற்கு? தாங்க வேண்டிய பாரமே இல்லையே. வெறுமனே ஒரு பொந்து வெட்டினாலே வழி கிடைத்திருக்கும். ஆனாலும் வெயிலில் நின்ற கோயிலின் உருவத்தை இம்மியும் விடாமல் இருட்டுக்குள் இறக்கியிருக்கிறார்கள். இறந்தவர்களுக்கும் அதே கோயில் வேண்டும் என்று நினைத்தார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். இரும்பில்லாத கைகளில் அந்த எண்ணம் எத்தனை தலைமுறை உழைப்பைக் கேட்டிருக்கும்!

இதன் உச்சம்தான் கருவறை என்று அழைக்கப்படும் அறை. வாசலுக்குள் வாசல், அதற்குள் இன்னொரு வாசல் என்று ஒன்றுக்குள் ஒன்றாகச் சட்டம் போட்டது போலிருக்கும். அண்ணாந்து பாருங்கள். கூரை விளிம்பு வளையம் வளையமாக உள்ளே தள்ளிச் செதுக்கப்பட்டிருக்கும். மேலே இடிந்துபோன கோயில்களுக்குக் கூரை எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இதைத்தான் சாட்சியாகக் காட்டுகிறார்கள்.

குறிசொல்லும் அறை என்று ஒன்று. கூரையில் காவிச் சுருள்கள் கொடி போலப் படர்ந்திருக்கும், வெளிச்சம் வந்ததும் முதலில் மேலே பாருங்கள். அடுத்து, பக்கச் சுவரில் முக உயரத்துக்கு ஒரு மாடம். அதற்குள் கனத்த குரலில் பேசினால் ஒலி அறைகள் முழுக்க நிரம்புகிறது. ஆய்வாளர்கள் அளந்ததில் 70, 114 ஹெர்ட்ஸ் அருகே ஒலி வலுவாக எதிரொலிக்கிறது. ஆண்குரலின் அடித்தொனி கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கும். இதற்கென்றே குடைந்தார்களா, தற்செயலா என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக அங்கே நின்று வேலை செய்தவர்கள் காதில் இது விழாமலா இருந்திருக்கும்?

சுவரையும் கிட்டே பாருங்கள், ஆனால் தொடாதீர்கள். முழுமையாக முடிக்காத இடங்களில், நெருக்கமாகத் துளையிட்டு, துளைகளுக்கு இடையில் இருப்பதை உடைத்து எடுத்த முறை தெரியும். முடித்த இடங்களில் சுவர் வழவழவென்று இருக்கும். அவர்கள் பயன்படுத்திய கருங்கண்ணாடிக் கல் (அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடி) மால்டாவில் கிடைக்காது; லிப்பாரி, பாந்தெல்லேரியா தீவுகளிலிருந்து கடல் வழியாக வந்தது.

கடைசி அடுக்குக்குள் நாம் இறங்குவதில்லை. ஒழுங்கில்லாத படிகள் இருட்டுக்குள் போவதைத்தான் பார்ப்போம். அங்கே எலும்பும் படையலும் கிடைக்கவில்லை, தண்ணீர்தான் இருந்தது. தானியம் சேமித்த இடமாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து.

எலும்புகளைப் பற்றி

இங்கே ஏழாயிரம் பேர் வரை வைக்கப்பட்டிருந்தார்கள் என்பது ஸம்மித்தின் மதிப்பீடு. கேட்டதும் பெரிய பலி, படுகொலை என்றெல்லாம் கற்பனை ஓடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டில் ஏழாயிரம் பேர் என்றால் ஆண்டுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. ஊர்ச்சாவு, அவ்வளவுதான்.

வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. முதலில் இங்கே தோண்டியவர் மனுவேல் மாக்ரி என்ற இயேசு சபைப் பாதிரியார். 1907-இல் துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில் அவர் இறந்துபோனார். அவருடைய குறிப்புகள் கிடைக்கவே இல்லை. எந்த எலும்பு எந்த அறையில் எப்படிக் கிடந்தது என்பதெல்லாம் அதோடு போயிற்று. எலும்புகளிலும் பெரும்பகுதி இன்று இல்லை. மிஞ்சிய சில மண்டையோடுகளை வைத்து வேற்றுக்கிரகவாசிகள், நீள்தலை இனம் என்று காணொளிகள் சுற்றுகின்றன. தயவுசெய்து அவற்றைப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். மாக்ரியின் குறிப்புகள் தொலைந்ததால் ஏற்பட்ட வெற்றிடத்தில்தான் அந்தக் கதைகள் எல்லாம் முளைத்தன.

உண்மையான பதிலின் ஒரு பகுதி மால்டா நாட்டின் இன்னொரு தீவான கோஸோவில் கிடைத்தது. ஷாரா என்ற ஊரில் இதே போன்ற நிலத்தடி இடுகாட்டை 1987-இலிருந்து 1994 வரை நவீன முறையில் தோண்டினார்கள். உடலை முதலில் முழுதாகக் கிடத்துவது, பிறகு அடுத்தவருக்கு இடம் விட்டு எலும்புகளை ஒதுக்குவது, மேலே காவி தூவுவது என்று சாவுச் சடங்கின் வரிசை அங்கேதான் ஓரளவு தெரிந்தது. ஹைப்போஜியத்திலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று எண்ண இடமிருக்கிறது.

டிக்கெட் கிடைக்காவிட்டால்

கடைசி நேரத்துக்கென்று சில டிக்கெட்டுகளை மட்டும் முந்தைய நாள் நேரில் விற்பது உண்டு. வலெட்டாவில் செயின்ட் எல்மோ கோட்டையில் கொடுப்பது வழக்கம். விலை அதிகம், எண்ணிக்கை ரொம்பக் குறைவு, காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். இடமும் நேரமும் மாறக்கூடும் என்பதால் கிளம்புவதற்கு முன் ஹெரிடேஜ் மால்டா தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதுவும் கிடைக்கவில்லை என்றால் கண்காட்சியையும் படத்தையும் மட்டும் பார்க்கும் டிக்கெட் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இல்லை என்றால் அந்த நாளைக் கோஸோவுக்குக் கொடுத்துவிடலாம். மால்டாவின் வடமுனையில் சிர்கேவ்வா துறையிலிருந்து படகு. அந்த ஷாரா ஊரிலேயே ஜிகாந்தியா கோயில் இருக்கிறது, கி.மு. 3600 வாக்கில் கட்டியது. அரக்கர்கள் கட்டியது என்று ஊர்க்காரர்கள் நம்பியதால் வந்த பெயர். பக்கத்திலேயே உள்ள விளக்க மையத்தில் அந்த இடுகாட்டில் கிடைத்த உருவங்களைப் பார்க்கலாம். கட்டிலில் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருக்கும் இருவர் சிலை ஒன்று அங்கே உண்டு. வலெட்டாவில் உறங்கும் பெண்ணைப் பார்த்திருந்தால், அந்தக் கட்டிலை உடனே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

டிக்கெட் கிடைத்து உள்ளே போய் வந்தவர்களுக்கு ஒன்று: வெளியே வந்ததும் பாவ்லா சதுக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பேச ஆரம்பிப்பதற்கு முன், பார்த்ததை ஒரு தாளில் வரைந்துவிடுங்கள். படம் கோணலாக வந்தாலும் பரவாயில்லை. நான் வரைந்த காவிச் சுருளில் ஒன்று எந்தப் பக்கம் சுழன்றது என்பது அரை மணி நேரத்திலேயே எனக்குக் குழம்பிவிட்டது.